ஜீரோ போட்டால் வெளி லைன்

எங்கள் கம்பெனியில் கைபேசியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல இடங்களில் இதுதான் வழக்கம். எங்களிடம் அதற்கான காரணம் கொஞ்சம் கனமானது. வண்டி உதிரிபாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் இடம், தின்னர் வாடை காற்றிலேயே குடியிருக்கும். ஒரு சின்னப் பொறி போதும் என்று சேர்ந்த அன்றே படம் போட்டுக் காட்டிவிடுவார்கள். செக்யூரிட்டி அறைச் சுவரில் சிறு சிறு மரக் கூடுகள் இருக்கின்றன. ஷிப்ட் முடியும்வரை எல்லோருடைய போனும் அதில் கிடக்கும். சில நேரம் ஏதோ ஒன்று நடுங்கும், நின்றுவிடும், மறுபடி நடுங்கும். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் காவலுக்கு இருப்பவருக்குத் தெரியும்.

அதனால் உள்ளே பேச வேண்டுமென்றால் கம்பெனியின் மேசை போன்கள்தான். அந்த போன்களையெல்லாம் ஆளும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி என் பொறுப்பு.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். நெட்வொர்க், சர்வர், கிளவுட் என்று எதையெதையோ கற்பனை செய்துகொண்டு வேலைக்கு வந்தேன். முதல் வாரமே இந்தப் பெட்டியைக் காட்டி, "இத யாரும் தொடறதில்லமா, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் எனக்கு முகம் சரியில்லை. பிறகு அதன் கையேட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மீஞ்சூரில் ரயில் ஏறி உட்கார்ந்தால் கும்மிடிப்பூண்டி வரும்வரை அதுதான் படிப்பு. எதிரே உட்கார்ந்து பூ கட்டுகிற அம்மா ஒருநாள், "பரீட்சையாம்மா?" என்று கேட்டார். அந்த அளவுக்கு அதில் விழுந்துவிட்டேன்.

விஷயம் எளிமையானது. ஒவ்வொரு போனுக்கும் ஒரு லெவல் உண்டு. மிகக் கீழே இருக்கும் லெவலில் கம்பெனிக்குள் மட்டும் பேசலாம்: ஸ்டோரிலிருந்து கேன்டீனுக்கு, கேன்டீனிலிருந்து கேட்டுக்கு. அதற்கு மேல் போனால்தான் ஜீரோ. ஜீரோ போட்டால் வெளி லைன் கிடைக்கும். போனுக்கு லெவல் இல்லாவிட்டாலும் ஆளுக்கு இருக்கலாம். அதற்குத்தான் நான்கு இலக்கப் பாஸ்வேர்டு. எந்த போனிலும் உங்கள் பாஸ்வேர்டை அழுத்தினால் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் அந்த போன் உங்கள் லெவலுக்கு உயரும். வைத்தவுடன் பழையபடி இறங்கிவிடும். இப்படி எல்லோரையும் ஏற்றவும் இறக்கவும் தனியாக ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. அது என்னிடம் இருந்தது. கேன்டீன் வரிசையில் நின்றால்கூட யாராவது வந்து, "மேடம், ஜீரோ குடுங்க மேடம்" என்பார்கள். அந்த வயதில் அது கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வேலையில் இல்லாதவர்கள் பெயரில் இருக்கும் பாஸ்வேர்டுகளை வெள்ளிக்கிழமைக்குள் நீக்க வேண்டும். இருப்பவர்களுக்கு அவரவர் கிரேடுக்கு உரிய லெவல் மட்டும் இருக்க வேண்டும். எனக்கு அதில் சந்தோஷம்தான். சுத்தம் செய்கிற வேலை எனக்குப் பிடிக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று பாதுகாப்பு அனுமதி வாங்கிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெயின்ட் ஷாப்புக்குப் போனேன்.

அங்கே சூப்பர்வைசர் ஆரம்பாக்கத்துக்காரர். பையன்கள் எல்லோரும் அவருக்கு நைனா. நான் பாப்பா.

"இன்னா பாப்பா, ஏசி ரூமு பேஜாராயிட்ச்சா? எங்காண்ட வந்துகிற?"

"பாஸ்வேர்டு விஷயமா வந்தேண்ணா. வேலைல இல்லாதவங்க நம்பரை எல்லாம் வெள்ளிக்கிழமை எடுத்துடப் போறோம்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்து, "கேட்டுக்கினியா நைனா? வெள்ளிக்கெயமையோட உன் லவ்வு கட்டு" என்றார்.

"ஏண்ணா, அவர் வேலைலதானே இருக்கார்?"

"அவன் கீறான். அவன் பேசற நம்பரு? அது ரெண்டு தீவாளிக்கு முன்னாடி ரிட்டேர் ஆனவரு நம்பரு. இங்க எவன் பாப்பா தன் நம்பர்ல பேசறான்? ஹெல்பருக்கும் ஆப்பரேட்டருக்கும் நீங்க இன்னா ஜீரோவா குட்த்துகிறீங்க?"

அப்போதுதான் அந்த வழக்கம் எனக்குத் தெரிந்தது. ஒருவர் ஓய்வு பெறுகிற அன்று சால்வை போடுவார்கள், குக்கரோ சுவர்க் கடிகாரமோ கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். எல்லாம் முடிந்து கேட்டுக்கு நடக்கும்போது அவர் தனக்கு வேண்டிய ஒருவரின் தோளில் கை போட்டு, தன் பாஸ்வேர்டைக் காதில் சொல்லிவிட்டுப் போவார். வாங்கியவர் அதைக் கண்டபடி பயன்படுத்த மாட்டார். வீட்டில் பிரசவம், ஆஸ்பத்திரி, பள்ளியில் அட்மிஷன் என்று ஏதாவது இருந்தால்தான்; காதலுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. நீண்ட நேரம் பேசினால் மற்றவர்களே கையை ஆட்டி நிறுத்தச் சொல்வார்கள். "கண்ணாடிக்காரர் நம்பர்ல போடு", "எளாவூர்க்காரர் நம்பர்ல போடு" என்று கொடுத்தவரின் அடையாளத்தோடுதான் அந்த எண்களைச் சொல்வார்கள். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தும் பேசாமல் இருந்தார்களோ என்னவோ.

நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே நாலரை மணி டீ இடைவேளைக்கு மணி அடித்தது. கன்வேயர் நின்றது. பேக்கிங் பகுதியிலிருந்து ஓர் அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். தலையில் வலைத்தொப்பி, சேலைக்கு மேல் கம்பெனிச் சட்டை. தூணில் மாட்டியிருந்த போனை எடுத்தார். எண்களைப் பார்க்காமலே அழுத்தினார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வந்துட்டியா?... யாருகூட வந்த?... சரி. கதவ சாத்திக்கோ. ரசம் கீது, சுட வச்சிக்கோ."

அவ்வளவுதான். வைத்துவிட்டு டீக்குப் போய்விட்டார்.

சூப்பர்வைசரின் குரல் இறங்கியிருந்தது. "அது அவ ஊட்டுக்காரன் நம்பரு, பாப்பா."

அக்காவின் கணவர் இதே ஷாப்பில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பைக்கில் போகும்போது, ஹைவேயிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. கம்பெனி அவருடைய மனைவிக்கு வேலை கொடுத்தது. அந்த அக்கா வேலைக்கு வந்த முதல் நாள் ஷாப்பில் இருந்தவர்கள் அவருக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லாமல், அவர் கணவரின் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே பெண், எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் ஹைவேக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நடுவில் இருக்கும் தடுப்பில் ஊர்க்காரர்கள் கடப்பதற்கென்று ஒரு வெட்டு. அவள் அப்பா திரும்பிய அதே இடம். தினமும் நாலு மணிக்கு மேல் அவள் அதைக் கடந்து வீட்டுக்கு வருகிறாள். வந்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ள அவள் அம்மாவுக்கு இருக்கும் ஒரே வழி, தூணில் மாட்டிய அந்த போனும் அந்த நான்கு எண்களும்.

"வெள்ளிக்கெயமைக்கு அப்பால அவ இன்னா பண்ணுவா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். என்னைக் கிண்டல் செய்யும் தொனி அதில் இல்லை.

நேராக நிர்வாக மேலாளரிடம் போனேன். எங்களுக்கு அவர் அட்மின் சார். அமைதியானவர், கோபப்பட மாட்டார், அதனாலேயே அவரிடம் வாதாடுவது கஷ்டம்.

"அந்தம்மா என்ன கிரேடு?"

"ஹெல்பர் சார்."

"ஹெல்பருக்கு இன்டர்னல் மட்டும்தான். நான் எழுதினதில்ல அது. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு வரிசையா வந்து நிப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"அந்தப் பொண்ணு ஹைவேயைத் தாண்டி வருது சார்."

"எல்லார் ஊட்டுப் பிள்ளையும் எதையோ தாண்டித்தானே வருது." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். "வெளியிலேர்ந்து உள்ள வர்ற போனை யாரும் தடுக்கலியே. அந்தப் பொண்ணு ஊட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குப் பண்ணட்டும். உன் பொட்டி அதை நேரா அந்தத் தூண் போனுக்கு அனுப்பும்ல?"

அனுப்பும். சுலபமான வேலை. எனக்கே ஏன் தோன்றவில்லை என்று ஆகிவிட்டது. உடனே ஓட்டமும் நடையுமாகப் பேக்கிங் பகுதிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டார். ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மணி அடிக்கலன்னா?"

"புரியலக்கா."

"நாலரைக்கு இந்த போனு அடிக்கலன்னா நான் இன்னான்னு நெனச்சிக்கறது? மறந்து வெளாடப் பூட்டாளா? போன்ல சார்ஜ் இல்லியா? இல்ல, ரோட்டுல கீறாளா? நீயே சொல்லு, எத்த நெனச்சிக்கினு இந்தப் பொட்டிக்கு டேப்பு ஒட்டுவேன்?"

நான் டேப் உருளையை எடுத்துக் கொடுத்தேன்.

"அன்னிக்கும் நான் உக்காந்துக்கினுதான் இருந்தேன் பாப்பா. இப்ப வந்துடுவாரு, இப்ப போன் வந்துடும்னு. கொழம்பு ஆறிப் போச்சு, மறுபடி சுட வெச்சேன், மறுபடி ஆறிப் போச்சு. போன் வரவேல்ல. ஆளுங்கதான் வந்தாங்க." அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார். "எனுக்குக் காத்துக்கினு இருக்க முடியாது. நான்தான் கூப்டணும்."

கையேட்டில் லெவல் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது: யார் எந்த எண்ணை அழைக்கலாம் என்பதற்கான அனுமதி. சரியான விளக்கம்தான். ஆனால் அன்று ஷாப்பிலிருந்து திரும்பி நடக்கும்போது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மேல் லெவலில் இருப்பவர் தனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். கீழே இருப்பவர் யாராவது சொல்லும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் நான் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது இதைத்தான். மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தி யார் யாரையோ காத்திருக்க வைத்திருக்கிறேன். அது எனக்குப் பெரிதாகத் தெரிந்ததே இல்லை.

மறுநாள் அக்கா என்னைத் தேடி வந்தார். "யாராண்ட கேக்கணும்? நானே வந்து கேக்கறேன்" என்றார். கையுறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு போனேன்.

அட்மின் சார் உட்காரச் சொன்னார். அக்கா நின்றுகொண்டே பேசினார்.

"சார், எனுக்கு இந்த வேலைய எதுக்குக் குட்த்தீங்க?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரர்... அவருக்குப் பதிலாத்தான்."

"அவருக்குப் பதிலாத்தானே? அவரு வேலைய என்னால செய்ய முடியாது, கரண்ட்டு வேல. அதனால ஹெல்பர்னீங்க, சரின்னேன். சம்பளம் கொறவுன்னீங்க, அதுக்கும் சரின்னேன். அவரு டீ குடிக்கப் போறப்ப தெனமும் ஊட்டுக்குப் போன் போட்டு, புள்ள வந்துட்ச்சான்னு கேப்பாரு. அத்த நான் செய்யலாம்ல சார்? அதுக்கு இன்னா படிப்பு வேணும்?"

கையேட்டில் நான் படித்த ஒரு பக்கம் முந்தின இரவிலிருந்தே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"சார், ஹெல்பர் லெவலை மாத்த வேண்டாம். மெஷின்ல பொது மெமரி லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ஃபயர் சர்வீஸ், ஆம்புலன்ஸ், கரண்ட் ஆபீஸ் நம்பர்லாம் அதுலதான் போட்டிருக்கு. அதுல இருக்கிற நம்பரை எந்த லெவல் போன்லேர்ந்தும் போடலாம், பாஸ்வேர்டு வேண்டாம். அதுல இவங்க வீட்டு நம்பரை மட்டும் சேர்த்துடலாம்."

"அது அவசரத்துக்கு இருக்கிற லிஸ்ட்மா."

"இதுவும் அதான் சார்" என்றார் அக்கா.

அட்மின் சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார். எட்டாவது என்றதும் தலையை ஆட்டினார். ஹைவேயில் எந்த இடம் என்று கேட்டார். அக்கா சொன்னதும் மேசையில் இருந்த எதையோ நகர்த்தி வைத்தார். அந்த இடம் அவருக்குத் தெரியும். தினமும் காரில் அதைத் தாண்டித்தான் வருகிறார்.

"ஒரு நம்பர். அது மட்டும்தான். வேற யாருக்கும் கேட்டுக்கிட்டு வராத" என்று என்னிடம் சொன்னார். "பழைய பாஸ்வேர்டு எதுவும் இருக்கக் கூடாது."

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "அவரு நம்பர எட்த்துடுவியா?"

"எடுக்கணும்க்கா."

வராண்டாவில் கொஞ்ச தூரம் நடந்தோம். "எட்த்துடு" என்றார். "அவரு பேர வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன். அவ வந்துட்டாளான்னு தெர்ஞ்சா போதும்."

வெள்ளிக்கிழமை காலை ஷாப்புக்கே போய், தூண் போனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தேன். அறையில் உட்கார்ந்தே செய்திருக்கலாம். செய்ய மனம் வரவில்லை. கண்ணாடிக்காரர், எளாவூர்க்காரர் என்று ஒவ்வொருவராகத் திரையில் வந்தார்கள். நீக்கவா என்று மெஷின் கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காதலி உள்ள பையன், "மேடம், என்னுத கடசில எடுங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு நான் ஒன்றும் வாங்கித் தரவில்லை. அவசரம் என்றால் சூப்பர்வைசர் போனில் பேசலாம் என்பது மட்டும்தான் கிடைத்தது. அவர்களுக்கும் வெளி லைன் வேண்டும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

அக்காவின் கணவர் பெயர் வந்ததும் அவரைப் பார்த்தேன். அவர் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார். அழுத்தினேன்.

பிறகு மெமரி லிஸ்டைத் திறந்தேன். எண்ணோடு பெயரும் கேட்டது. "இன்னா பேரு போடட்டும்க்கா?" என்றேன். "ஊடுன்னு போடு" என்றார். மெஷினுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளில் அப்படியே போட்டேன். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மின்வாரியம், அதற்குக் கீழே அவர் ஊடு. ஒருமுறை அழுத்திக் காட்டினேன். பூட்டிய வீட்டில் மகளுக்காக வைத்திருக்கும் கைபேசி அடிப்பது கேட்டது. அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு வைத்தார்.

நாலரைக்கு மறுபடி போனேன். எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மணி அடித்தது, கன்வேயர் நின்றது. அக்கா வந்து புது எண்ணை அழுத்தினார். இந்த முறை விரல்களைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். காத்திருந்தார். வைத்தார். மறுபடி அழுத்தினார்.

"எடுக்கல" என்றார் பொதுவாக.

"இரு, இரு. செருப்பு கயட்டிக்கினு இருப்பா" என்றார் சூப்பர்வைசர்.

நான் போய் ரிசீவரை வாங்கிக் கேட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் அழைப்பை ஏற்கவில்லை என்று ஒரு பெண் குரல். காலையில் சோதித்துப் பார்த்த அதே வழிதான். பழுது என் பெட்டியில் இருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டேன். லேப்டாப்பில் எல்லாம் பச்சையாக இருந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

அக்கா மறுபடி அழுத்தினார். டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். தூணுக்குப் பக்கத்து மேசையில் வைத்தார், குடிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ரிசீவருக்குள் அடிக்கும் மணி எங்களுக்கும் லேசாகக் கேட்டது. அக்காவின் இன்னொரு கை தூணைப் பிடித்திருந்தது.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. வழக்கமாக அந்த மணி அடித்து முடிவதற்குள் கன்வேயர் ஓடும். தாமதமானால் அலுவலகத்திலிருந்து சூப்பர்வைசருக்கு போன் வரும், ஏன் என்று கேட்பார்கள். அவர் கன்வேயரின் பச்சை பட்டன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழுத்தவில்லை. வரிசையில் நின்றவர்களும் கையுறையை மாட்டாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரின் மேசை போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

அக்கா வைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

"வந்துட்டியா?"

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் பெண் மூச்சு விடாமல் ஏதோ சொல்வது மட்டும் கேட்டது. தூணைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது.

"சரி... சரிடி. நான் திட்டல. கதவ சாத்திக்கோ."

ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். திரும்பினார். எல்லோரும் தன்னையே பார்ப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"கன்டெய்னரு வரிசையா வந்துக்கினே இருந்துதாம்" என்றார் சூப்பர்வைசரிடம். "எல்லாம் போவட்டும்னு நின்னுக்கினே இருந்துட்டு வந்தாளாம்."

"நிக்கட்டும். எவ்ளோ நேரம் வேணும்னாலும் நின்னு வரட்டும்" என்றார் அவர்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்துவிட்டு, சூப்பர்வைசர் பட்டனை அழுத்தினார்.